அறுபத்தொன்றாம் கட்டத்து ஏழு

தெக்லா வாம்சருக்குச் சங்கீதம் பிடிக்காது. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

"சங்கீதத்துல எவனும் நேரத்துக்கு வந்து சேர்றதில்ல, ஹெர் டிங்கல்டைன். பாடறவன் ஒரு இடத்துல இழுக்கறான், வாசிக்கறவன் இன்னொரு இடத்துல ஓடறான். கேட்டா உணர்ச்சிங்கறாங்க. நம்ம ஆபீஸ்ல அதுக்குப் பேரு தாமதம்."

'ஹெர்' என்றால் எங்கள் ஊரில் 'திரு'. அந்த டிங்கல்டைன் நான்தான். ஃபிராங்க்ஃபர்ட்டில் ரயில்வேயின் கால அட்டவணைப் பிரிவில் முப்பது வருடம் அவருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்திருந்தவன். இரண்டு பேருக்கும் வீடு டார்ம்ஸ்டட்டில். காலையில் ஒரே வண்டி, மாலையில் ஒரே வண்டி. இருந்தும் கடைசிவரை எனக்கு அவர் "ஃப்ராய்லைன் வாம்சர்"தான். கல்யாணமாகாத பெண்ணுக்கு எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. பதினேழு வயதுக்காரியானாலும் சரி, நாற்பத்தொரு வயதுக்காரியானாலும் சரி.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். கூடத்துச் சமுக்காளம் அளவுக்கு ஒரு கட்டம்போட்ட தாள். மேலே நேரம், பக்கத்தில் ஊர்கள். ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. தாளில் இரண்டு கோடுகள் வெட்டக் கூடாத இடத்தில் வெட்டிக்கொண்டால், வெளியே இரண்டு ரயில்கள் மோதும். எங்களில் எல்லோரும் ஒருமுறையாவது அப்படி வரைந்து, மேலதிகாரி கண்டுபிடித்து, காது சிவக்க நின்றவர்கள். தெக்லா மட்டும் நின்றதில்லை. எண்கள் நிறைந்த ஒரு தாளை அவர் முன் வைத்தால், தப்பாக இருப்பது தானாக எழுந்து நின்று கைதூக்கும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம்.

1952 கோடையில், போர் முடிந்து ஏழு வருடமாகியும், டார்ம்ஸ்டட்டில் பாதி இன்னும் செங்கல் குவியலாகத்தான் கிடந்தது. அந்தக் குவியலுக்கு நடுவில், உலகத்தின் மிகப் புதிய சங்கீதத்தைச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருடாவருடம் கோடையில் மூன்று வாரம் நாலா தேசத்து இளைஞர்கள் கூடினார்கள். தங்க விடுதி கிடையாது. யார் வீட்டில் அறை காலியாக இருக்கிறதோ அவர்கள் ஒருவரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. தெக்லா வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. ரஷ்யப் போர்முனைக்குப் போய்த் திரும்பாத அவருடைய தம்பியின் அறை.

அந்த அறைக்கு வந்து சேர்ந்தவர் அன்ஸ்கார் லோஸெ. இருபத்தாறு வயது இசையமைப்பாளர். ஒரு கோட்டு, இரண்டு சட்டை, ஒரு பெட்டி நிறையத் தாள்.

மூன்றாம் நாள் காலையில் தரைவிரிப்பை உதற அந்த அறைக்குள் போன தெக்லா வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டில் மேல், தரை மேல், ஜன்னல் படியில் எங்கும் எண்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டங்களாக அட்டவணைகள்.

"இது எந்த லைன்?" என்று கேட்டார்.

தரையில் மண்டியிட்டிருந்த லோஸெ நிமிர்ந்தார். "லைனா?"

"எந்த ஊர்லேந்து எந்த ஊருக்கு? எந்த எண்ணும் ஒரு வரிசையில ரெண்டு தடவ வரல. நல்லா போட்டிருக்கீங்க. ஒத்தைப் பாதையா, இரட்டைப் பாதையா?"

"இது சங்கீதம்ங்க. பியானோவுக்கு எழுதி முடிச்சது."

"இதுவா?"

"ஆமா."

தெக்லா விரிப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் ரயிலில் எனக்கு விளக்கியபோது அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. புது மலைப்பாதை திறந்த வருடம்கூட அவர் அப்படிப் பேசவில்லை.

பியானோவில் சுரங்கள் பன்னிரண்டு. லோஸெயின் சட்டப்படி ஒரு சுரம் ஒலித்துவிட்டால், மற்றப் பதினொன்றும் ஒலித்து முடியும்வரை அது வாயைத் திறக்கக் கூடாது. பந்தியில் கடைசி ஆளுக்கும் பரிமாறும்வரை முதல் ஆள் மறுசோறு கேட்கக் கூடாதென்பது மாதிரி. இவ்வளவோடு நின்றால் பரவாயில்லை. இதை முந்தைய தலைமுறையே செய்துவிட்டதாம். லோஸெயும் அவர் கூட்டாளிகளும் ஒலியின் நீளத்துக்கும் பன்னிரண்டு படி வைத்தார்கள்; சத்தத்துக்குப் பன்னிரண்டு படி; விரல் கட்டையில் எப்படி விழ வேண்டும் என்பதற்கும் பன்னிரண்டு விதம். எல்லாவற்றுக்கும் அட்டவணை. அட்டவணை ஓர் எண்ணைச் சொன்னால் எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம், எப்படித் தொடுவது எல்லாம் முடிவாகிவிடும். இசையமைப்பவர் செய்ய வேண்டியது எண்ணைப் பார்த்து எழுதுவதுதான்.

"அப்ப இதுல உங்க வேலை என்ன?" என்று தெக்லா கேட்டாராம்.

"ஒண்ணுமில்லாம இருக்கறதுதான் என் வேலை" என்றாராம் லோஸெ. "பதினஞ்சு வயசுல, போர் நேரத்துல, யூனிஃபார்ம் மாட்டி எங்கள வரிசையா நிக்கவெச்சுப் பாடவெச்சாங்க. அவ்வளவு அழகான பாட்டு. பாடிப் பாடி அழுதோம். அழுதுக்கிட்டே போய் என்னென்ன பண்ணினோம்னு உங்களுக்கே தெரியும். இனிமே என் ஆசை, என் கண்ணீர், என் கை எதுவும் சங்கீதத்துக்குள்ள வரக் கூடாது. அட்டவணை போதும்."

இதைத் திருப்பிச் சொன்னபோது தெக்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பையன்" என்றார். "எண்ணு மட்டும் கொஞ்சம் கிறுக்கலா எழுதறான்."

மூன்றாம் வாரக் கடைசியில் லோஸெயின் படைப்பு அரங்கேறியது. பெயர் 'ஒழுங்கு மூன்று'. ஒன்றையும் இரண்டையும் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார். இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம். ஏறும் கயிறுகளைச் சுருட்டி மேலே கட்டிவைத்திருந்தார்கள். வாசித்தவர் வீஸ்பாடனிலிருந்து வந்த ரோஸ்விட்டா டேபுஸ். முப்பது வயது, ரொட்டிக்கடைக்காரி மாதிரித் திடமான கைகள். பதினொரு நிமிடத் துண்டுக்கு நான்கு மாதம் பயிற்சி செய்திருந்தார்.

எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மாடிப்படியில் ஒருவர் பாத்திரப் பெட்டியைத் தவறவிட்டதுபோல இருந்தது; ஆனால் ஒவ்வொரு பாத்திரமும் முன்பே குறித்த படியில் முன்பே குறித்த சத்தத்துடன் விழுந்தது. பின்வரிசையில் ஒருவர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். இன்னொருவர் விசிலடித்தார். "அம்மா, பியானோவுக்குச் சேதம் ஆயிடப் போகுது!" என்று ஒரு குரல். சிரிப்பு.

அப்போதுதான் அது நடந்தது. அத்தனை இடிபாட்டுக்கு நடுவில் திடீரென்று ஒற்றைச் சுரம். மிக மெல்லிசாக, மிக நீளமாக. கொஞ்சம் முன்னால் கேட்ட அதே சுரம், யாரோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டு திரும்பி வந்த மாதிரி. சாவிக்கொத்து நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். பக்கத்தில் பார்த்தேன்: தெக்லா கைப்பையை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இடி மறுபடி தொடங்கியது. ஆனால் கூட்டம் மாறிவிட்டிருந்தது. முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள்.

டாக்டர் ஹாவ்போல்ட் என்று ஒரு விமர்சகர் இருந்தார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறாரா என்பதில் ஊரில் இரண்டு கட்சி. அன்று தூங்கவில்லை போலும். பத்திரிகையில் மூன்று பத்தி எழுதினார், மூன்றும் அந்த ஒரு சுரத்தைப் பற்றி. இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளால் பிரித்த ஒவ்வொரு தாளப் பகுதிக்கும் கட்டம் என்று பெயர்; அந்தச் சுரம் வந்தது அறுபத்தொன்றாவதில். "அறுபத்தொன்றாம் கட்டத்தில் லோஸெ தன் சட்டத்தின் சுவரில் ஒரு ஜன்னலைத் திறக்கிறார். அங்கே ஒரு மனிதன் மூச்சு விடுகிறான்" என்று அது முடிந்தது. ஒரே வாரத்தில் லோஸெ பிரபலமானார். ஹாம்பர்க், பாசல், மிலான் என்று அழைப்புகள். ஒரு பதிப்பாளர் இசைத்தாளை அச்சிட முன்வந்தார்.

அச்சுக்குப் போகும்முன் எண்களையும் சுரங்களையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சம் சுரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அட்டவணை. பணம் கொடுத்தாலும் எந்த இசைக் கலைஞனும் அதைச் செய்யமாட்டான். லோஸெ தெக்லாவுக்குக் கடிதம் எழுதினார். தெக்லாவுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. நூலகத்திலிருந்து குழந்தைகளுக்கான பாடப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஃபிராங்க்ஃபர்ட் வண்டியில், போக அரைமணி, வர அரைமணி, மடியில் அட்டையை வைத்துச் சரிபார்த்தார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் பத்திரிகை படித்தேன்.

பிப்ரவரியில் ஒரு காலை. லாங்கன் நிலையத்தைத் தாண்டியிருப்போம். தெக்லா பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஹெர் டிங்கல்டைன், அந்த ஜன்னல் இருக்கே."

"குளிருதா? சாத்தட்டுமா?"

"இந்த ஜன்னல் இல்ல. டாக்டர் ஹாவ்போல்ட் எழுதின ஜன்னல். அறுபத்தொண்ணாம் கட்டம். அது தப்பு."

"என்ன தப்பு?"

"அங்க வர வேண்டியது ஏழு. லோஸெ ஒண்ணுன்னு படிச்சிருக்கார். அவர் எழுதற ஏழப் பாருங்க, குறுக்குக் கோடே போடல. ஒண்ணு மாதிரியே இருக்கு. அவர் எழுதினத அவரே தப்பாப் படிச்சு எழுதியிருக்கார். ஒண்ணுன்னா அவர் கணக்குல ரொம்ப நீளம், ரொம்ப மெல்லிசு. ஏழுன்னா சாதாரணமா ஒரு தட்டு. கூட்டத்தோட கூட்டமாப் போயிருக்கும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒன்றுக்கும் தலையில் ஒரு கொக்கி உண்டு; ஏழை அதிலிருந்து பிரிப்பது அந்தக் குறுக்குக் கோடுதான். பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டாயிரம் சுரங்களில் ஒரே ஒரு பிழை. உலகம் கொண்டாடியதும் அதைத்தான்.

"சொல்லாதீங்க" என்றேன்.

"என்னது?"

"சொல்லாதீங்கன்னேன். அந்த ஒத்தச் சுரத்த வெச்சுத்தான் அந்த மனுஷனுக்குப் பேரு. யாருக்கு என்ன நஷ்டம்? அது என்ன ரயிலா, மோதிச் சாக?"

தெக்லா பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாப்பத்திரெண்டுல நம்ம மேசைக்குச் சில ஸ்பெஷல் வண்டி வந்துச்சு. கிழக்கால போறது. போகும்போது ஆயிரம் பேரு, திரும்பும்போது காலி. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிப் போன வண்டிகள். பெட்டியில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"எண்ணெல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு கோடு இன்னொண்ண வெட்டல. சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏன் காலியா வருதுன்னு கேக்கல. கண்ணுல பட்டுது, கேக்கல. இனிமே கண்ணுல பட்டத வாய்க்குள்ள வெச்சுக்க மாட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். சின்னதோ பெருசோ."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். ஒரு பியானோ சுரமும் அந்த ரயில்களும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம். கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்தத் தாள்களில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

ஏப்ரலில் லோஸெ அச்சுப்படியை வாங்கிப் போக நேரில் வந்தார். புதுக் கோட்டு போட்டிருந்தார். தெக்லா என்னையும் வரச்சொல்லியிருந்தார். துணைக்கா, சாட்சிக்கா என்று தெரியவில்லை. சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு சூப்பு. லோஸெ முதல் கரண்டியை வாயில் வைத்ததும் தெக்லா ஆரம்பித்தார்.

"மொத்தச் சுரம் ரெண்டாயிரத்து நூத்தி நாலு. பிழை ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா! பிரமாதம். எங்க?"

"அறுபத்தொண்ணு."

லோஸெயின் கரண்டி நின்றது. "இருக்காது."

"ஏழாவது அட்டவணை, நாலாவது வரிசை. நீங்களே பாருங்க."

பார்த்தார். மறுபடி பார்த்தார். விரலை வைத்து எண்ணினார். அவர் நெற்றியிலிருந்து கழுத்துவரை நிறம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அது சிரிப்பாக முடியவில்லை.

"ஃப்ராய்லைன் வாம்சர், இது நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும்?"

"இப்ப மூணு பேரு."

"அப்படியே விட்டுடலாம். மிலான்ல ஒருத்தர் அந்தக் கட்டத்தப் பத்தியே ஒரு சொற்பொழிவு செஞ்சிருக்கார். போன மாசம் ஒரு அம்மா கடிதம் போட்டாங்க, போர்ல பையன் போனப்புறம் முதல் தடவையா அழுதேன்னு. அவங்ககிட்டப் போயி அது ஏழுன்னு சொல்லவா?"

"அது சுரம் இல்ல, ஹெர் லோஸெ. எழுத்துப்பிழை."

"அது அழகா இருக்கே!"

"அழகா இருக்குங்கறதுக்காக உள்ள விடறதில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த வீட்டுலதான் சொன்னீங்க."

லோஸெ கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு நீங்க கேட்டீங்களே. உங்களுக்கு அந்த இடத்துல ஒண்ணுமே தோணலயா?"

தெக்லா மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினார். "தோணுச்சு. என் தம்பி வீட்டுக்கு வரும்போது வாசல் மணிய ஒரே ஒரு தடவதான் அடிப்பான். மெதுவா. அதான் தோணுச்சு. அதுக்காக அது சரியாயிடுமா?"

 சூப்பு ஆறிப்போனது. லோஸெ பையிலிருந்து பேனாவை எடுத்து, அறுபத்தொன்றாம் கட்டத்தில் அந்த நீண்ட மெல்லிய சுரத்தை அடித்துவிட்டு, ஏழு சொன்னதை எழுதினார். போகும்போது வாசலில் தெக்லா சொன்னார்: "இனிமே ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுங்க."

அந்தக் கோடையில் 'ஒழுங்கு மூன்று' அச்சுப்பிரதியுடன் மறுபடி அரங்கேறியது. போன வருடம் பாதிக் கூடம். இந்த வருடம் ஜன்னல் படிகளில்கூட ஆட்கள். எல்லோரும் ஒரு சுரத்துக்காக வந்திருந்தார்கள். சாவிக்கொத்து இல்லை, விசில் இல்லை. கோவிலுக்குள் நிற்பவர்கள் மாதிரி இருந்தார்கள். டாக்டர் ஹாவ்போல்ட் முன்வரிசையில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துத் தயாராக இருந்தார்.

ரோஸ்விட்டா அச்சில் இருந்ததை வாசித்தார். அறுபத்தொன்றாம் கட்டம் வந்தது, ஒரு தட்டு, போய்விட்டது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். எட்டு நிமிடம் ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, அந்தச் சுரம் இதோ வரும் இதோ வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசித்து முடித்துவிட்டு ரோஸ்விட்டா கையை மடியில் வைத்துக்கொண்டார். ஒருவரும் தட்டவில்லை. இன்னும் வரவில்லையே என்று காத்திருந்தார்கள். அவர் எழுந்து நின்று வணங்கிய பிறகுதான் முடிந்துவிட்டது என்று புரிந்தது. அந்த மௌனம் மாதிரி நீளமான மௌனத்தை லோஸெயின் எந்த அட்டவணையும் கேட்டிருக்காது.

எனக்குத் தெரிந்து அந்தக் கூடத்தில் அன்று பிழையே இல்லாமல் வாசிக்கப்பட்ட படைப்பு அது ஒன்றுதான்.

பிறகு லோஸெ, ரோஸ்விட்டா, தெக்லா, நான் நால்வரும் மூலைக்கடைக்குச் சாப்பிடப் போனோம். எங்கள் ஊரில் புளிப்புப் பாலாடைக்கட்டி ஒன்று உண்டு. அதன் மேல் காடியில் ஊறிய வெங்காயம் போட்டுத் தருவார்கள். அந்த வெங்காயத்துக்குத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் 'இசை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு அது வேறொரு வழியாக ஒலிப்பதால். பரிமாறுபவர் வழக்கம்போலக் கேட்டார்: "இசையோடவா, இசை இல்லாமலா?"

"இல்லாம" என்றார் லோஸெ.

ரோஸ்விட்டா சத்தம்போட்டுச் சிரித்துவிட்டார். "எனக்கு ரெண்டு பேரோடதும் சேத்துக் குடுங்க. நாலு மாசம் அந்த ஒத்தச் சுரத்துல விரல எவ்வளவு மெதுவா வெக்கணும்னு பழகினேன். இப்ப ஏழாம், ஒரு தட்டாம்!"

தெக்லா மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

டாக்டர் ஹாவ்போல்ட் என்ன எழுதினார் தெரியுமா? "லோஸெ தன் ஜன்னலைத் தானே மூடிவிட்டார். இதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! திறந்திருந்தபோது பார்த்ததைவிட, மூடிய பிறகு அதன் வழியே அதிகம் பார்க்கிறோம்." தூங்கினார் என்ற கட்சி அந்த வாரம் பலமடைந்தது.

ஆனாலும் அழைப்புகள் குறைந்தன. ரோஸ்விட்டாவை வானொலிக்காரர்கள் கூப்பிட்டுப் பதிவு செய்தபோது அவர் சத்தமில்லாமல் தன் பழைய கைப்பிரதியைக் கொண்டுபோய் ஒன்றையே வாசித்துவிட்டார். ஊர் ஊராக வானொலியில் ஒன்று. கடையில் விற்ற தாளில் ஏழு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு யாருக்கும் அக்கறை இல்லாததால் சண்டை வரவில்லை.

ஐந்து வருடம் போனது. கடல் கடந்து புது வழக்கம் ஒன்று ஊருக்குள் வந்தது: அட்டவணை பழசாகிவிட்டது, இனி எல்லாம் தற்செயல். நாணயம் சுண்டு, பகடை உருட்டு, விழுந்ததை எழுது. லோஸெயும் மாறினார். ஒரு சனிக்கிழமை பகடைகளோடு தெக்லா வீட்டுக்கு வந்தார்.

"நீங்க உருட்டி எழுதித் தரணும். வேற யாரு உருட்டினாலும் நடுவுல அழகு பாக்க ஆரம்பிச்சுடறாங்க. உங்களத்தான் நம்பலாம்."

"இது என் அட்டவணையவிட ஒழுங்கா இருக்குமா?"

"ஒழுங்கே கூடாது. அதான் விஷயம்."

தெக்லாவின் மனத்துக்கு இது ஒப்பவில்லை. ஆனால் தம்பியின் அறையில் தங்கியவன் கேட்கிறான், மறுக்கவும் முடியவில்லை. ஒரு மாதம் தினமும் நாற்பது தடவை உருட்டி எழுதினார். மாதக் கடைசியில் லோஸெ வந்தபோது தாளைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஆயிரத்து இருநூறு தடவ உருட்டினேன். ஆறு இருநூத்தம்பதுக்கு மேல விழுந்திருக்கு. இருநூறுதான் விழணும். உங்க பகடை ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. உங்க தற்செயல்ல தப்பு இருக்கு, ஹெர் லோஸெ."

அவர் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் எட்டு வருடம் வரவில்லை.

1966-ல் ஒரு அழைப்பிதழ் வந்தது. ரைன் நதிக்கரை ஊர் ஒன்றில் பேராசிரியர் ஆகிவிட்ட லோஸெ பொதுச் சொற்பொழிவு செய்கிறார். "புது முகவரிப் பட்டியல்ல யாரோ என் பேரத் தெரியாம சேத்திருக்காங்க" என்றார் தெக்லா. ஆனால் சாம்பல் நிறக் கோட்டைத் தேய்த்து வைத்துக்கொண்டார். போனோம். முந்நூறு மாணவர்கள், நீள முடி. லோஸெ கொஞ்சம் பருத்திருந்தார். ரோஸ்விட்டாவின் வானொலிப் பதிவை ஒலிக்கவிட்டார். அந்தச் சுரம் வந்தது. கூடம் மூச்சை அடக்கியது. அவர் கையைத் தூக்கி ஒலியை நிறுத்தினார்.

"என் வாழ்க்கையில் மிக முக்கியமான முடிவு இது" என்றார். "சட்டம் ஏழு என்றது. நான் வேண்டுமென்றே ஒன்று என்று எழுதினேன். அந்த வயதில், அந்த வருடத்தில், சட்டத்துக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது என்னவென்று நான் கற்றுக்கொண்ட இடம் இது."

நான் தெக்லாவின் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் எழுந்துவிட்டார்.

"அது தப்பு" என்றார், ஆபீஸ் குரலில். "நீங்க வேணும்னு பண்ணல. ஏழுக்குக் குறுக்குக் கோடு போடல. உங்க கையெழுத்த நீங்களே தப்பாப் படிச்சீங்க."

முந்நூறு தலைகள் திரும்பின.  பிறகு கடைசி வரிசையில் ஒருவன் கைதட்டினான். அடுத்தவன் தட்டினான். கூடம் முழுக்க ஆரவாரம். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி, பேராசிரியர் முன்பே ஏற்பாடு செய்தது என்று நினைத்துவிட்டார்கள். "பாட்டி பிரமாதம்!" என்று ஒருவன் கத்தினான். தெக்லா "நான் பாட்டி இல்ல, ஃப்ராய்லைன்" என்றார். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். லோஸெ மேடையிலிருந்து இறங்கி வந்து, அவர் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், இருவருமாக வணங்க வைத்தார். லோஸெயின் காதுகள் இரண்டும் சிவந்திருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன்.

திரும்பும் ரயிலில் தெக்லா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். மைன்ஸ் தாண்டிய பிறகு சொன்னார்:

"நான் எதுக்கு எழுந்திரிச்சேன்?"

"தப்பு கண்ணுல பட்டுது."

"பட்டுது. ஆனா பாருங்க, அந்தப் பையன் வாழ்க்கையில அப்படி ஒரு நல்ல காரியம் ஒண்ணே ஒண்ணுதான் பண்ணினான். அதையும் அவன் பண்ணலன்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன். ஒரு தடவ போதாதா?"

"பொய்தானே சொன்னாரு?"

"பொய்தான். ஆனா அவர் சொன்ன பொய், ஹெர் டிங்கல்டைன், நானும் நீங்களும் நாப்பத்திரெண்டுல பண்ணியிருக்க வேண்டியது. சட்டம் ஏழுன்னுது, நான் ஒண்ணு எழுதினேன்னு. நமக்கு அந்தப் பொய் சொல்லக்கூட வழியில்ல."

நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் லோஸெக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பும்முன் பிழை பார்க்க எனக்குக் காட்டினார். எங்கள் ஆபீஸ் நடையிலேயே இருந்தது: "கட்டம் 61 குறித்து. ஒன்று என்பது பிழை. அந்தப் பிழை நன்றாக இருந்தது. இரண்டும் பதிவு செய்யப்படுகின்றன." லோஸெயிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் மறுவருடம் வந்த புதுப் பதிப்பில் அறுபத்தொன்றாம் கட்டத்தில் ஒன்றும் ஏழும் மேலும் கீழுமாக அச்சாகியிருந்தன. அடியில் "வாசிப்பவர் விருப்பம்" என்று ஒரு குறிப்பு. ஏழுக்குக் குறுக்குக் கோடு போட்டிருந்தது. தெக்லா அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, "ரெண்டு பிளாட்பாரத்துலயும் ஒரே வண்டியா!" என்று இரண்டு நாள் ஆபீஸில் புலம்பினார்.

1971-ல் ஓய்வு பெற்றார். ரோஸ்விட்டா அப்போதும் வாசித்துக்கொண்டிருந்தார், அப்போதும் கச்சேரிக்குப் பக்கம் புரட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடினார். லோஸெயின் தாளைப் பார்த்து, வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து, சரியான நொடியில் பக்கத்தைப் புரட்ட நல்ல நல்ல கலைஞர்களாலேயே முடியவில்லை. தெக்லாவால் முடிந்தது. அறுபது வயதில், சங்கீதம் பிடிக்காத அந்தப் பெண் சாம்பல் நிறக் கோட்டோடு மேடையில் பியானோவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஹெஸ்ஸன் முழுக்க ஊர் ஊராகப் போனார்.

அறுபத்தொன்றாம் கட்டம் ஒரு பக்கத்தின் கடைசியில் வருகிறது. அங்கே ரோஸ்விட்டா தனக்குத் தோன்றியதை வாசிப்பார், ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் ஏழு. எதுவானாலும் தெக்லா எழுந்து, தாளின் மேல்மூலையைப் பிடித்து, நேரத்துக்குப் புரட்டிவிட்டு உட்காருவார்.